மார்பிள் லுக் வேணும்... மஞ்சள் கறை வேணாம்! கிச்சன் மேடைக்கு எந்தக் கல் சரி?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சமையல் மேடை என்றாலே பெரும்பாலும் கருப்பு கிரானைட்தான். திண்டிவனம் பகுதியின் குன்னம் கல், 'குன்னம் பிளாக்' என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. ஆனால் இப்போது புது வீடு கட்டும் பலரின் ஆசை, சாம்பல் நிற வரிகள் ஓடும் வெள்ளை மார்பிள் மீது. அந்த அழகு வேண்டும், பராமரிப்பு தலைவலி வேண்டாம் என்றால் என்ன வழி?

ஒரிஜினல் மார்பிளில் என்ன சிக்கல்?

மார்பிளில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி என எது சிந்தினாலும் அதிலுள்ள அமிலம் கல்லை அரிக்கும். சொட்டு விழுந்த இடம் பளபளப்பு போய் மங்கிவிடும். இது அழுக்கு இல்லை, தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்தால் கறை உள்ளே இறங்கிவிடும். பூஜை அறைக்கு மார்பிள் ஓகே. தினமும் புளிக்குழம்பு கொதிக்கும் இடத்துக்குச் சரிவராது.

மாற்று என்னென்ன?

குவார்ட்ஸ்: சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகளுடன் ரெசின் சேர்த்து ஆலையில் செய்யப்படுவது. மார்பிள் வரிகள் அப்படியே கிடைக்கும். தண்ணீரை உறிஞ்சாது, சீலர் தேவையில்லை. ஆனால் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையோ தோசைக்கல்லையோ நேரடியாக வைத்தால் ரெசின் கருகித் தழும்பு விழலாம். ஜன்னல் வெயில் தொடர்ந்து பட்டால் மஞ்சளடிக்கும்.

சின்டர்டு ஸ்டோன், போர்சலைன் ஸ்லாப்: சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கப்படுபவை. சூடு, புளிப்பு, கறை மூன்றையும் தாங்கும். ஓரத்தில் பாத்திரம் இடித்தால் சில்லு பெயரும். வெட்டிப் பொருத்த அனுபவமுள்ள ஆள் வேண்டும். பல வகைகளில் டிசைன் மேற்பரப்பில் மட்டும் இருப்பதால், வெட்டிய ஓரத்தில் வரி தெரியாது.

வெள்ளை கிரானைட்: மார்பிள் மாதிரி நீள வரிகள் இருக்காது, புள்ளிகள் இருக்கும். சூட்டையும் கீறலையும் நன்றாகத் தாங்கும். கருப்பை விட வெள்ளை ரகங்கள் அதிகம் உறிஞ்சும் என்பதால் அவ்வப்போது சீலர் அடிக்க வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

'மார்பிள்' என்று சொல்லித் தருவது எல்லாம் ஒரே பொருள் இல்லை. ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்கள்.

* எலுமிச்சை சாறு ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். மங்கினால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்று அர்த்தம்.
* தண்ணீர் சொட்டு விட்ட சில நிமிடங்களில் அந்த இடம் கருத்தால், கல் உறிஞ்சுகிறது.
* மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவி, மறுநாள் காலை கழுவிப் பாருங்கள். கறை நின்றால் அந்தக் கல் வேண்டாம்.

போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவம் கருப்புக் கல்லில்தான் பளிச்சென்று தெரியும். எந்தக் கல்லாக இருந்தாலும் அதைப் போக்க ஆசிட் ஊற்றாதீர்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி வந்தால் படிவம் சேர்வது குறையும்.

வெட்டும்போது கவனம்

குவார்ட்ஸ் ஸ்லாப்பை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைப் பாதித்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். இதனால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைக் கல்லுக்கே தடை போட்டது. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு. எனவே அளவெடுத்துக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். தொழிலாளிக்குத் தூசியை வடிகட்டும் மாஸ்க் அவசியம், கைக்குட்டை கட்டினால் போதாது.

எது யாருக்கு?

சூடான பாத்திரத்தை அப்படியே மேடையில் வைக்கும் வீடு என்றால் போர்சலைன் அல்லது கிரானைட். பாத்திரத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கும் பழக்கம் இருந்தால் குவார்ட்ஸ். எதுவுமே பார்க்க நேரமில்லை என்றால், மார்பிள் லுக்கை மறந்துவிட்டு நம்ம ஊர் கருப்புக் கல்லே போதும்.