கோயமுத்தூர் அப்படியே இருக்கட்டும்

சென்ற கோடை விடுமுறையில் தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூலொன்றின் பக்கத்தை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கோயமுத்தூர்' என்றிருந்தது. பதினெட்டு ஆண்டுகளாகச் சிவப்பு மையோடு பழகிய கை சும்மா இருக்குமா? 'கோயம்புத்தூர்' என்று திருத்திச் சேமித்துவிட்டேன். மறுநாள் வேறொரு தன்னார்வலர் அதைப் பழையபடி மாற்றியிருந்தார். 'நூலில் உள்ளபடி' என்று மட்டும் குறிப்பு எழுதியிருந்தார். முதலில் சுருக்கென்றது. பிறகுதான் அந்த வேலையே எனக்குப் புரிந்தது.

விக்கிமூலம் யார் வேண்டுமானாலும் படிக்கவும் பங்களிக்கவும் கூடிய மின்நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2000க்கும் மேற்பட்டவற்றின் மின்வருடல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கு வழங்கியது. ஆனால், மின்வருடிய பக்கம் வெறும் படம்தான். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. அதனால்தான் எழுத்துணரி மென்பொருள் கொண்டு படத்தை எழுத்தாக மாற்றுகிறார்கள்.

அந்த மென்பொருள் நம் முதல் வகுப்புக் குழந்தையைப் போலத் தடுமாறும். 'ழ'வை 'மு' என்று படிக்கும். தாளில் உள்ள கறையைப் புள்ளியாக எண்ணி, 'க'வை 'க்' ஆக்கிவிடும். சில பிழைகள் கண்ணுக்கே தெரியாது. 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி விழுந்திருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'லை', 'னை' போன்றவற்றின் வடிவமே வேறு. அவற்றை இன்றைய எழுத்தில் தருகிறோம். ஆனால், சொல் அன்றையதாகவே இருக்க வேண்டும். மென்பொருளின் பிழையைத்தான் நாம் திருத்துகிறோம், நூலாசிரியரை அல்ல. நூலிலேயே அச்சுப்பிழை இருப்பதாகத் தோன்றினால் உரையாடல் பகுதியில் குறித்து வைக்கலாம்.

திரையில் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே இருக்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்ததற்கு மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்ததற்குப் பச்சை என நிறக்குறி உண்டு. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. விடைத்தாள் மறுமதிப்பீடு போலத்தான் இதுவும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே பல நாடுகளிலிருந்து நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தந்தார்கள்.

நம் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை, ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் போதும். ஒருவர் பார்த்ததை மற்றொருவர் சரிபார்க்கட்டும். நம் மண்ணின் நாமக்கல் கவிஞர் நூல்களும் நாட்டுடைமையானவைதாம், அங்கிருந்து தொடங்கலாம். புதிய நூலை ஏற்றுவதென்றால் பதிப்புரிமையைப் பார்க்க வேண்டும். நாட்டுடைமையாகாத நூலுக்கு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் முயன்று பார்த்தேன். "சார், இங்க கோயமுத்தூர்னு இருக்குது. இது தப்புதானுங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "படத்தைப் பாரு கண்ணு" என்றேன். பார்த்தாள். கை வைக்காமல் அடுத்த வரிக்குப் போனாள். நம் ஊரை அன்று எப்படி எழுதினார்கள் என்று நாளை ஒருவர் தேடினால், அந்தச் சொல் அவருக்குக் கிடைக்கும்.