கமக்காரர் தம் பாதங்களைப் பேணும் முறை

மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் கமக்காரர் அன்றே அதனை இறுக்குவர். உழவு இயந்திரத்தின் சில்லில் காற்றுக் குறைந்தால் வயலில் இறங்குமுன் நிரப்புவர். காலில் புண் உண்டானால் மட்டும், "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவது பலரின் வழக்கமாக உள்ளது. சிறு புண்ணாகத் தொடங்குவது பல நாள் வேலையையும், சில வேளைகளில் காலையும், உயிரையும் கூடக் கவர்ந்துவிடும். ஆகவே பாதங்களைப் பேணுதலும் கமத்தொழிலின் ஒரு பகுதியே எனக் கொள்ளல் வேண்டும்.

மன்னார் மாவட்டத்தின் நிலமும் தொழிலும் கால்களுக்குக் கடுஞ்சோதனை தருவன. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் முதலிய இடங்களின் களிமண், மாரியில் காலைப் பற்றிக்கொள்ளும்; கோடையில் வெடித்துக் கூர்விளிம்பாக நிற்கும். தீவுப் பகுதியிலோ சுடுமணலும், உடைமுள்ளும், பனங்கருக்கும், உவர்நீரும் பாதங்களை வருத்துகின்றன.

சேற்றுப்புண்

காலபோக வேலைகளில் பாதங்கள் நாள் முழுவதும் சேற்றில் ஊறுகின்றன. ஊறிய தோல் வெளுத்து மென்மையடையும். அவ்வேளையில் பூஞ்சணமும் பற்றீரியாக்களும் விரலிடுக்குகளில் எளிதிற் பற்றிக்கொள்ளும். அரிப்பு, தோலுரிதல், துர்நாற்றம், எரிவு என்பன இதன் அறிகுறிகள். 1914 முதல் 1918 வரை நடைபெற்ற உலகப்போரில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற போர்வீரர் பல்லாயிரவர் குளிராலும் ஈரத்தாலும் பாதநோயுற்றனர். பாதங்களை நாள்தோறும் சோதித்து, உலர்த்தி, காலுறைகளை மாற்றும்படி படைகளில் கட்டளையிடப்பட்ட பின்னர் அந்நோய் பெரிதும் குறைந்தது. ஈரம் முற்றாக நீங்கினாலன்றி மருந்து மட்டும் பயன் தராது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

வேலை முடிந்ததும் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துக. இரவு முழுவதும் பாதங்கள் காற்றுப்பட இருத்தல் நன்று. விரலிடுக்குகளில் எண்ணெய் பூசலாகாது. அது ஈரத்தை உள்ளே தங்கச் செய்யும். வைத்தியர் தரும் பூஞ்சணக் களிம்பை, புண் ஆறியதாகத் தோன்றியவுடன் நிறுத்தாது, அவர் குறித்த நாள்வரை பூசுதல் வேண்டும்.

பித்தவெடிப்பு

கோடையிலும், உப்பளத்திலும், மணலிலும் வெறுங்காலுடன் நடப்போருக்குக் குதிக்கால் தடித்துப் பிளவுபடும். வெடிப்பு ஆழமானால் குருதி கசியும், கிருமிகள் உட்புகும். இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் பாதங்களை வைத்து, தடித்த தோலை நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, துடைத்தபின் தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசுக. சவர அலகால் சீவுதலும், மண்ணெண்ணெய் தடவுதலும் தீமை விளைப்பன.

முட்காயமும் ஏற்புவலியும்

ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாதிருக்கும். முள் தைத்த ஆழமான சிறு துளையே அவற்றுக்கு ஏற்ற இடம். முள்ளை முழுமையாக நீக்கி, காயத்தைச் சவர்க்கார நீராற் கழுவுக. சாணம், சாம்பல், சுண்ணாம்பு என்பவற்றை ஒருபோதும் காயத்தில் இடலாகாது. ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதை நினைவில் வைத்து, காயமுற்றவுடன் வைத்தியசாலையில் தெரிவிக்க வேண்டும்.

வெறுங்கால் வழியே உடலிற் புகும் மற்றொரு பகை கொழுக்கிப்புழு. இதன் குடம்பிகள் மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்துச் சென்று, வளர்ந்த புழுக்களாகிக் குடலில் குருதியை உறிஞ்சும். இலங்கையில் 1916ஆம் ஆண்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இதனை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பெற்றது. மலகூடமும் செருப்புமே இன்றும் இதற்குச் சிறந்த காப்பு.

எலிக்காய்ச்சல்

காற்புண் வழியே வரும் கேடுகளுள் கமக்காரர் மிகவும் அஞ்ச வேண்டியது இதுவே. எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டொஸ்பைரா என்னும் கிருமி வயல்நீரிலும் சேற்றிலும் கலந்திருக்கும். கீறல், வெடிப்பு, ஊறிய தோல் ஆகியவற்றின் வழியாக அது உடலினுட் புகும். 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், வெள்ளத்தை அடுத்து யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைக் கொண்ட காய்ச்சலும் எலிக்காய்ச்சலே என ஆய்வில் அறியப்பட்டது.

கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் என்பன தோன்றும். சிறுநீர் குறைதலும் கண் மஞ்சளாதலும் சிறுநீரகமும் ஈரலும் தாக்கப்பட்டமைக்கு அடையாளங்கள். சாதாரண காய்ச்சல் என எண்ணி மாத்திரையுடன் வீட்டில் இருத்தலே பலரின் உயிருக்கு இறுதியாயிற்று. காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குச் சென்று, "வயலில் வேலை செய்தேன்" என்று கூறுதல் இன்றியமையாதது. அவ்வொரு சொல் வைத்தியருக்கு நோயை அறிய வழிகாட்டும்.

வயல் வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகினால் டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மருந்து பெறலாம். வளர்ந்தோர் கிழமைக்கு ஒரு முறை 200 மில்லிகிராம், உணவின் பின் உட்கொள்வது வழக்கம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுவரும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. மருந்து உண்டவரும் சப்பாத்தைக் கைவிடலாகாது.

எலியை அடக்குதலும் கமக்காரர் கையிலேயே உள்ளது. வரம்புகளைக் களையின்றிச் சிறிதாக அமைத்தல், வைக்கோலையும் சிந்திய நெல்லையும் களத்தில் விடாதிருத்தல், அயல்வயற்காரர் அனைவரும் ஒரே காலத்தில் எலியொழிப்பில் ஈடுபடல் என்பன பயன் தரும். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குச் சென்று மீளும்.

கடலில் இறங்குவோர்க்கு

ஆழமற்ற கடலில் திருக்கை மணலுட் புதைந்து கிடக்கும். கரைவலை இழுப்போர் பாதத்தைத் தூக்கி வையாது, நிலத்தோடு உராய்த்து நடந்தால் அது விலகிச் செல்லும். முள் குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி தணியும். நீரின் சூட்டைக் காயமற்ற காலாற் சோதித்துக்கொள்க. பின்னர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருத்தல் கூடும்.

நீரிழிவு உள்ளோர்

நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியை மழுக்கும். முள் தைத்ததையும் சூடு பட்டதையும் அவர் அறியார். குருதியோட்டம் குறைவதால் புண்ணும் விரைவில் ஆறாது. காலை இழந்தோர் பலர் வலியற்ற சிறு புண்ணைப் பொருட்படுத்தாதவரே. இவர்கள் வெறுங்காலுடன் நடத்தலும், வெந்நீரிற் கால் வைத்தலும், கால் ஆணியைத் தாமே வெட்டுதலும் கூடா. பாதத்தில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு காணப்படின், அது தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு இலவச மருந்து உண்டு, முற்றாகக் குணமாகும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

1. வயலுக்குச் செல்லுமுன் பாதங்களைப் பார்த்து, காயமிருப்பின் நீர் புகாதவாறு மூடுக.
2. இயன்ற வேலைகளுக்கு நீண்ட றப்பர் சப்பாத்து அணிக. பாம்புக்கடியிலிருந்தும் அது காக்கும்.
3. அணியுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுக. மாலையில் கழுவி வெயிலில் உலர்த்துக.
4. பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்துக.
5. உள்ளங்காலைக் கண்ணாடியிலோ, வீட்டார் ஒருவரைக் கொண்டோ பார்க்க.
6. நகங்களை நேராக வெட்டுக.

இவ்வேலைகளுக்கு மாலையிற் சிறிது நேரமே போதும். புண் மூன்று நாளில் ஆறாவிடினும், வீக்கமோ சீழோ காய்ச்சலோ காணப்படினும், தாமதமின்றி அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. விதைப்புக்குக் காலம் உண்டு. காலைக் காப்பதற்கும் காலம் உண்டு. இரண்டையும் தவறவிடாதவரே நல்ல கமக்காரர்.