பின்னால சுத்துறவன்னா யாரு?

"ஒருத்தன் எம்பொண்ணு பின்னாலயே சுத்துறான்" என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால், நாம் சிரித்துவிடுகிறோம். சினிமா பார்த்த பழக்கம்! சட்டத்தில் இதற்குப் பெயர் 'பின்தொடர்தல்'. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் வந்து பேசப் பார்ப்பவன், செல்போனில் அவளை வேவு பார்ப்பவன், இருவருமே குற்றவாளிதான். மத்தியச் சட்டப்படி முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு.

கோட்டக்குப்பத்திலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம். வந்த மெசேஜை அழிக்காதீங்க, அதுதான் சாட்சி. புகாரில் "தொந்தரவு செய்கிறான்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நாள், எந்த இடம், வேண்டாம் என்று எப்போது சொன்னோம் என்பதையும் எழுத வேண்டும். பெண்கள் உதவி எண் 181.