எடை மேடைக் கணினிக்கு இருபது நிமிடம்

செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில் ஒரு லோரியை இரண்டு முறை நிறுப்பார்கள். குலையோடு ஒரு தடவை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியாக ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தோட்டக்காரருக்குப் பணம். சுங்கை ஆயர் தாவார் பக்கம் அந்த மாதிரி ஒரு மேடையில் முதல் எடை கணினியில் ஏறிய கையோடு கரண்டு போய், பதிவு அழிந்துவிட்டது என்று வையுங்கள். குலையைக் கொட்டியாயிற்று, மற்றவர் குலையோடு கலந்தும் ஆயிற்று. இனி எதை நிறுப்பது? 3 டன், டன் 800 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் 2,400 வெள்ளிக்கு வாய்ச்சண்டை.

அந்த 2,400 ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் காப்பாற்ற ஆகும் செலவை மறுபக்கம் எழுதிப் பார்ப்போம்.

தெனாகா நேஷனல் அண்மைய ஆண்டுகளில் காட்டும் சராசரி, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 45 நிமிட மின்தடை. நல்ல எண்தான். ஆனால் கண்சிமிட்டும் நேரத்தில் போய் வரும் கரண்டு அந்தக் கணக்கில் சேராது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலைக்கு 20 மில்லிசெகண்ட். கணினியின் பவர் சப்ளை தன் கையிருப்பில் தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்ட். ஓர் அலை முழுதாகத் தவறினாலே கணினி அணைந்துவிடலாம். கரண்டு போனால் பேட்டரியிலிருந்து கணினிக்கு ஊட்டும் பெட்டிதான் யூபிஎஸ். சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுப்பது 10 மில்லிசெகண்டுக்குள். சின்னத் தடைகளுக்கு அந்தப் பெட்டி ஒன்றே போதும், மென்பொருள் வேண்டாம்.

நீண்ட தடைக்கு வருவோம். மேசையில் கணினி 60 வாட், திரை 20, எடை காட்டும் பெட்டி 10, இணைய மோடம் 10. மொத்தம் 100 வாட். சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கும், பரவாயில்லை. லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் செருகவே கூடாது. சூடேறும்போது பல நூறு வாட் இழுத்து எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

650 விஏ பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி ஈயப் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்மணி. 100 வாட்டுக்கு 50 நிமிடம் வர வேண்டும். வராது. அந்த 7 என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. அவசரமாக உறிஞ்சினால் பாதிக்குப் பக்கம் போய்விடும், மாற்றும்போது சூடாகவும் கொஞ்சம் வீணாகும். புதுப் பேட்டரியில் 20 நிமிடம் நின்றால் நல்ல விளைச்சல். 1996 ஆகஸ்ட் 3-ல் தீபகற்பமே இருண்டதே, அந்த மாதிரித் தடைக்கு 10 மணி நேரம் என்று வைத்தால்கூட இப்படிப்பட்ட பேட்டரி 30 வேண்டும். ஆகவே தடை முடியும் வரை ஓட்டுவது நம் கணக்கில் இல்லை. எடையைப் பதிந்து, ஒழுங்காக அணைப்பதற்கான நேரம் கிடைத்தால் போதும்.

அதைச் செய்வது மென்பொருள். யூஎஸ்பி கம்பி அதே பெட்டியோடு வரும். பல இடங்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கும். கம்பியைச் செருகினால் பெரும்பாலான பெட்டிகளை விண்டோஸ் மடிக்கணினி பேட்டரி போலவே பார்க்கும். அதன் வழக்கமான அமைப்பில் 10 விழுக்காட்டில் எச்சரிக்கை, 5-ல் அணைப்பு. ஏபிசி பெட்டிகளுக்கான ‘ஏபிசியூபிஎஸ்டி’ என்ற இலவச மென்பொருளிலும் தொடக்க எண்கள் மீதி 5 விழுக்காடு, மீதி 3 நிமிடம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் அணைக்கும். மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்கு ‘நட்’ என்ற இன்னொரு இலவச மென்பொருள் உண்டு.

இந்த 5 விழுக்காட்டை மாற்றாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. மூன்று வருஷப் பேட்டரி 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே இருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு விழும். அணைய 90 வினாடி வேண்டிய கணினிக்கு அந்த நேரம் கிடைக்காது. நான் போடச் சொல்லும் எண்கள்: மீதி 40 விழுக்காடு, மீதி 8 நிமிடம், அதோடு எது எப்படியானாலும் பேட்டரியில் 300 வினாடி ஓடிவிட்டால் அணைப்பு. இடையில் கரண்டு வந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, மறுபடி திறந்துகொள்ளலாம்.

தோட்டத்து ஜெனரேட்டரில் ஓடும் அலுவலகம் என்றால் இன்னொரு அமைப்பையும் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரின் அலைவெண் சுமைக்கு ஏற்ப ஆடும். யூபிஎஸ் அதைக் கெட்ட கரண்டு என்று ஒதுக்கிவிட்டு, வெளியே என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, தன் பேட்டரியைத் தின்று தீர்க்கும். உணர்திறனைக் குறைவு என்று மாற்ற வழி இருக்கும் பெட்டிகளில் இதற்குத் தீர்வு அதுதான். வழி இல்லாத பெட்டியை ஜெனரேட்டர் இருக்கும் இடத்துக்கு வாங்காதீர்கள்.

தீர்ந்த பேட்டரி நிரம்ப 6 முதல் 8 மணி நேரம் ஆகும். மதியம் ஒரு தடை, மூன்று மணி மழையில் இன்னொன்று என்றால் இரண்டாவதற்குக் கையில் 20 நிமிடம் இருக்காது. 40-ல் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆறு வருஷச் செலவு. விலை கடைக்குக் கடை மாறும், உத்தேசமாகப் போடுகிறேன்.

யூபிஎஸ் பெட்டி, முதல் பேட்டரியோடு: 280 வெள்ளி
மூன்றாம் வருஷம் புதுப் பேட்டரி: 70 வெள்ளி
பெட்டி சும்மா இருக்கும்போது தின்னும் 8 வாட், ஆண்டுக்கு 70 யூனிட், ஆறு வருஷத்துக்கு: 183 வெள்ளி
மென்பொருள்: 0
மொத்தம்: 533 வெள்ளி

மாதத்துக்கு 7 வெள்ளி 40 காசு. மின்சாரத்துக்கு 2025 ஜூன் வரை இருந்த வணிகக் கட்டணத்தின் முதல் படியான யூனிட் 43.5 காசைப் போட்டிருக்கிறேன்.

பேட்டரியை மூன்றாம் வருஷமே மாற்றச் சொல்வது வெக்கையால். 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஏர்கோன் இல்லாத எடை மேடைக் கொட்டகை 33 டிகிரியில் இருந்தால் ஐந்து வருஷப் பேட்டரி மூன்றைத் தொடாது. தகரக் கூரையின் அடியில், சுவரோரம், தூசிக்குள் திணித்து வைத்தால் இன்னும் சீக்கிரம்.

மாதம் ஒரு முறை லோரி இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள், எர்த் இணைப்பு விடாமல் இருக்கும். மென்பொருள் தானே கணினியை அணைக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி எத்தனை விழுக்காட்டில், எத்தனையாவது நிமிடத்தில் அணைத்தது என்பதைப் பெட்டியின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியோடு எழுதிவிடலாம். ஐந்து நிமிடம் ஆகுமுன்னே 40-க்கு இறங்கும் மாதம் அந்த 70 வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டிய மாதம்.