சர்க்கரைவள்ளிக்கு எதற்குச் சர்க்கரை?

நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் மூடிவைக்கும் டப்பா. அதனால், “நாளைக்கு எதிர்வீட்டுப் பாட்டி சர்க்கரைவள்ளிக் கேசரோல் செய்யப் போறாங்க, நம்மளையும் கூப்பிட்டிருக்காங்க” என்று நான் சொன்னபோது, ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த அம்மா, “கிழங்கை டப்பாவுலயா வைப்பாங்க?” என்று கேட்டார்.

அமெரிக்காவில் கேசரோல் என்பது பாத்திரத்துக்கும் பேர், அதில் செய்யும் பண்டத்துக்கும் பேர். அகலமான கண்ணாடித் தட்டில் எல்லாவற்றையும் கலந்து ஓவனில் வேகவைத்து, அப்படியே தூக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழி நடுநாயகம். பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, குருதிநெல்லிப் பச்சடி, பூசணி பை. இவற்றுக்கு நடுவே, இனிப்பா சாப்பாடா என்று யாரும் முடிவு கட்டாத ஒரு பண்டம் இருக்கும்: மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் மார்ஷ்மல்லோ மிட்டாய்கள் பொன்னிறமாக உப்பி நிற்கும். இது கடைசியில் வரும் இனிப்பு அல்ல. வான்கோழி வைத்த தட்டிலேயே, குழம்புக்குப் பக்கத்தில் பரிமாறுகிறார்கள்.

நாங்கள் இருப்பது வட கரோலினா. அமெரிக்காவில் விளையும் சர்க்கரைவள்ளியில் பாதிக்கும் மேல் இந்த மாநிலத்து மணல் பாங்கான மண்ணில்தான் விளைகிறது. வில்சன் என்ற ஊரின் பள்ளிப் பிள்ளைகள் மனு எழுதிக் கேட்டு, 1995-ல் இதை மாநிலத்தின் காய்கறியாகவே அறிவிக்க வைத்தார்கள்.

இரண்டு நாடு, ஒரே குழப்பம்

விருந்துக்கு முந்தைய நாள் காலை. பாட்டியின் சமையலறையில் ஒன்றரைக் கிலோ கிழங்கு, மண் போகக் கழுவி அடுக்கியிருந்தது. “யாம் ரெடி” என்றார் பாட்டி. கடை அட்டையிலும் யாம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அது யாம் இல்லை.

உண்மையான யாம் வேறு குடும்பம். நம் ஊர்ப் பெருவள்ளி, சிறுவள்ளி, யாழ்ப்பாணத்து இராசவள்ளி எல்லாம் அந்த இனம். மேற்கு ஆப்பிரிக்காவில் அதுதான் உயிர் காக்கும் உணவு. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்தக் கிழங்கு கிடைக்கவில்லை. கிடைத்த சர்க்கரைவள்ளியைத் தங்கள் கிழங்கின் பேரால் அழைத்தார்கள். 1930-களில் லூசியானா விவசாயிகள், ஈரப்பதமான ஆரஞ்சு நிறக் கிழங்கை மற்ற ரகங்களிலிருந்து பிரித்துக்காட்டி விற்க அதே பேரை வைத்தார்கள். அட்டையில் யாம் என்று போட்டால் கூடவே சர்க்கரைவள்ளி என்றும் போட வேண்டும் என்பது அரசின் விதி.

சிரிக்க வேண்டாம், நாமும் இதையேதான் செய்தோம். சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகுதான் கடல் தாண்டி ஆசியா பக்கம் வந்தது. நமக்கு முன்பே தெரிந்தது வள்ளிக்கிழங்கு. புதிதாக வந்ததை அதற்கு உறவாக்கி, முன்னால் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டோம். செடியின் சாதியைப் பார்த்தால், இதன் உறவு வள்ளையோடும், கடற்கரை மணலில் ஊதாப் பூ பூக்கும் அடும்போடும்தான்.

இனிப்பு எங்கே இருக்கிறது?

பாட்டி கிழங்கைத் தோலோடு, முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்தார். “அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்கலாம். ஆனா என் அம்மா ஒத்துக்க மாட்டாங்க” என்றார். அவர் அம்மா காலமாகி முப்பது வருடம் ஆகிறது.

அந்த அம்மா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. கிழங்கில் நிறைய மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 57 முதல் 77 டிகிரி வரையிலான சூட்டில் அது மும்முரமாக வேலை செய்து, மாவை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்குகிறது. சூடு அதற்குமேல் ஏறினால் நொதி செத்துவிடும். மைக்ரோவேவ் இந்தக் கட்டத்தைச் சில நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. ஓவனில் கிழங்கின் நடுப்பகுதி மெதுவாகச் சூடேறுவதால் நொதிக்கு அவகாசம் கிடைக்கிறது. அறுவடைக்குப் பிறகும் இதே கதைதான். தோண்டிய கிழங்கை உடனே விற்பதில்லை. சுமார் 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு வாரம்போல வைக்கிறார்கள். வெட்டுக்காயம் ஆறித் தோல் இறுகுகிறது, இனிப்பும் கூடத் தொடங்குகிறது.

ஒரு மணி நேரம் கழித்து பாட்டி ஓவனைத் திறந்தார். குத்திய ஓட்டைகளிலிருந்து பாகு வழிந்து, தட்டில் கருகிக் கொப்புளம் விட்டிருந்தது. அம்மா கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, “அடுப்புச் சாம்பல்ல புதைச்சு வெச்சா வர்ற வாசனை” என்றார். சோறு வடித்தபின் தணலில் கிழங்கைப் புதைத்துவைத்த நம் பாட்டிகளும் அந்த நொதிக்கு அவகாசம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மிட்டாய் வந்த வழி

இவ்வளவு இனிப்பான கிழங்கின் தலையில் மிட்டாயை வைத்தது யார்? மார்ஷ்மல்லோ என்பது முதலில் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடி. செம்பருத்தி, வெண்டை குடும்பம். வெண்டைக்காய்போல வழுவழுக்கும் அதன் வேர்ச்சாற்றில்தான் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் பஞ்சு போன்ற மிட்டாய் செய்தார்கள். பிறகு வேர் போய் ஜெலட்டின் வந்தது, விலை குறைந்தது. அதை வீடுகளில் விற்க வேண்டுமே! 1917-ல் ஏஞ்சலஸ் மார்ஷ்மல்லோ தயாரித்த நிறுவனம், பாஸ்டன் சமையல் பள்ளி இதழை நிறுவிய ஜேனட் மெக்கென்சி ஹில்லைக் கொண்டு ஒரு குறிப்புப் புத்தகம் எழுதவைத்தது. சர்க்கரைவள்ளி மசியலின்மேல் மார்ஷ்மல்லோ வைத்துச் சுடும் யோசனை அதில் இருந்தது. ஒரு விளம்பரப் புத்தகத்தின் பக்கம் நூறு ஆண்டில் பரம்பரைச் சமையலாகிவிட்டது.

பாட்டியிடம் இருந்தது தன் அம்மாவின் கையெழுத்தில் ஒரு அட்டை. ஓரமெல்லாம் வெண்ணெய்க் கறை. தோலுரித்து மசித்த கிழங்கில் கால் கப் வெண்ணெய், அரை கப் பால், இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் வனிலா, அரை டீஸ்பூன் பட்டைத்தூள், சிட்டிகை ஜாதிக்காய், அரை டீஸ்பூன் உப்பு. அதற்குமேல், ‘நாட்டுச்சர்க்கரை ஒரு கப்’. கலந்து தட்டில் பரப்பினார். விருந்தன்று 175 டிகிரியில் அரை மணி நேரம். மார்ஷ்மல்லோவைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் கரிதான். ஒரு வருடம் என் வீட்டில் நான் அப்படிப் போட்டு, புகை அபாய மணி அலறி, ஜன்னலெல்லாம் திறந்துவைத்து நவம்பர் குளிரில் சாப்பிட்டோம்.

அம்மா ஒரு மார்ஷ்மல்லோவை விரலால் அமுக்கிப் பார்த்தார். “மெத்து மெத்துன்னு இருக்கே, எதுல செஞ்சது?” ஜெலட்டின் என்றால் மாடு, பன்றியின் தோலும் எலும்பும் என்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டார். முட்டை சாப்பிடுவார், இது ஆகாது. பாட்டி யோசிக்கவே இல்லை. தட்டின் நடுவே கத்தியால் ஒரு கோடு போட்டார். ஒரு பாதி மார்ஷ்மல்லோவுக்கு. மறுபாதிக்கு ஒரு கப் உடைத்த பீக்கன் பருப்பு, அரை கப் நாட்டுச்சர்க்கரை, கால் கப் மைதா, கொஞ்சம் வெண்ணெய் பிசிறிய தூவல். இந்தச் சண்டை தன் வீட்டில் ஏற்கெனவே உண்டு என்றார்: மூத்த மருமகன் பீக்கன் கட்சி, பேரப்பிள்ளைகள் மிட்டாய்க் கட்சி.

விருந்தில் அம்மாவுக்குப் பீக்கன் மொறுமொறுப்பு பிடித்திருந்தது. ஆனாலும் தூவலை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த கிழங்கை ஒரு வாய் எடுத்தவர், என்னிடம், “சர்க்கரைவள்ளிக்கு எதுக்குடி இவ்வளவு சர்க்கரை?” என்றார். அம்மா என்ன சொன்னார் என்று பாட்டி கேட்டார். எங்கள் மொழியில் இதன் பேரிலேயே சர்க்கரை இருக்கிறது என்று விளக்கினேன். மேசையே சிரித்தது.

அடுத்த வருடம் அம்மா ஊரில் இருந்தார். பாட்டியின் சமையலறையில் அதே அட்டை சாய்ந்து நின்றது. நாட்டுச்சர்க்கரை வரியில் ஒரு கப்பை பென்சிலால் அடித்து, கால் கப் என்று எழுதியிருந்தார் பாட்டி. மார்ஷ்மல்லோ வரியில் மட்டும் பென்சில் படவில்லை.