செவியின் பின்னே ஓர் எலும்பு

காது மடலுக்குப் பின்னே விரலால் அழுத்திப் பார்த்தால், திரண்ட ஓர் எலும்பு முனைப்புத் தட்டுப்படும். ‘மாஸ்டாய்டு’ என்பது அதன் பெயர். மார்பகத்தின் வடிவை ஒத்தது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். வெளியே கல்லைப்போல் உறுதியாகத் தோன்றும் இவ்வெலும்பு, உள்ளே தேன்கூட்டை ஒத்திருக்கிறது. காற்று நிரம்பிய சிற்றறைகள் பல அதனுள் அமைந்துள்ளன. அவை ஒரு குறுகிய வழியால் நடுச்செவியோடு தொடர்பு கொண்டவை; நடுச்செவியோ ஒரு குழலால் மூக்கின் பின்புறத்தோடு தொடர்பு கொண்டது. ஆகவே, மூக்கில் பற்றிய நோய் செவியை அடைவதும், செவியில் பிடித்த சீழ் எலும்பை அடைவதும் வியப்பன்று.

இவ்வெலும்பின் அண்டை அயலையும் நாம் அறிதல் வேண்டும். மேலே, ஒரு மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால் மூளை. பின்னே, மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் பெருநாளம். உட்புறத்தில், கேள்விக்கும் உடலின் சமநிலைக்கும் உரிய உட்செவி. இவற்றினூடே முகத்தை அசைவிக்கும் நரம்பு. இங்கு விளையும் சிறு நோயும் பெருந்துன்பமாக முடிவதற்கு இந்த அயலே காரணமாகும்.

இவ்விடத்துக் கட்டிகளுள் முதன்மையாகக் கூறத்தக்கது ‘கொலஸ்டியாட்டோமா’ என்பது. பெயரைக் கேட்டதும் புற்றுநோயோ என்று அஞ்சுவோர் உண்டு. இது புற்றுமன்று, இலக்கணப்படி கட்டியுமன்று. 1838-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் இட்ட இப்பெயர், கொழுப்புச் சேர்ந்த கட்டி என்று பொருள்படும். ஆனால் உள்ளிருப்பது தோலே. சொல்லைச் சொல்லாகப் பெயர்த்தால் பொருள் தவறும். ‘செவித் தோற்பை’ என்றால் எளிதில் விளங்கும்.

செவிப்பறையின் ஒரு பகுதி உள்நோக்கி இழுக்கப்பட்டுப் பைபோல் குழிவதால் இது பெரும்பாலும் தொடங்குகிறது. நம் தோல் நாள்தோறும் உதிர்வது இயற்கை. உடலின் வெளியே உதிர்வது காற்றோடு போகிறது. பைக்குள் உதிர்வது போக்கிடமின்றி அடுக்கடுக்காகச் சேர்கிறது. பை பெருக்கப் பெருக்க, அடுத்துள்ள எலும்பு அரிக்கப்படுகிறது. ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகள் இதற்கு எளிதில் இரையாகின்றன. நாளடைவில் மாஸ்டாய்டும் குடையப்படுகிறது.

பெரும்பாலும் வலியின்றி வளர்வதே இந்நோயின் வஞ்சகம். நாற்றத்துடன் சீழ் ஒழுகுதலும், கேள்வி மந்தமாதலும் முதற் குறிகள். தலைசுற்றல், முகம் ஒருபுறமாகக் கோணுதல், காய்ச்சலோடு கூடிய கடுந்தலைவலி ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. மூளையுறை அழற்சியும் மூளையில் சீழ்க்கட்டும் இதன் விளைவாக நேரக்கூடும்.

மாஸ்டாய்டு அறுவையின் வரலாறு துன்பம் தோய்ந்தது. 1791-இல் டென்மார்க்கு அரசரின் மருத்துவராகிய பெர்கர் என்பவர், தம் செவிக்கோளாறு தீர இவ்வெலும்பைத் துளைக்கச் செய்து, மூளையுறை அழற்சியால் மாண்டார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவர்கள் இவ்வறுவைக்கு அஞ்சினர். 1873-இல் ஜெர்மனியில் ஷ்வார்ட்சே என்பவர் இதற்கு முறையான வழி வகுத்தார். பெனிசிலின் முதலிய மருந்துகளும், அறுவை நுண்ணோக்கியும் வந்தபின் அச்சம் வெகுவாகக் குறைந்தது.

சொட்டு மருந்து சீழை உலர்த்தும், தோற்பையை அகற்றாது. அதற்கு அறுவையே வழி. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, பெரும்பாலும் காதின் பின்புறம் கீறி, நுண்ணோக்கியின் துணையால் எலும்பைச் சிறு துரப்பணத்தால் கடைந்து பையை எடுக்கின்றனர். செவிக்குழாயின் பின்சுவரை நிலைநிறுத்திச் செய்வது ஒரு முறை. இதில் எச்சம் மறைந்து வளரக்கூடுமாதலால், மறுபடியும் திறந்து பார்க்க நேரலாம். அச்சுவரை நீக்கி ஒரே குழியாக்குவது மற்றொரு முறை. இதில் குழியை அவ்வப்போது மருத்துவர் துப்புரவு செய்தல் வேண்டும். நீர் புகாமலும் காத்தல் வேண்டும். உயிருக்குத் தீங்கிழைக்காத செவியை அளிப்பதே அறுவையின் முதல் நோக்கம். கேள்வியை மீட்பது அடுத்தது.

வேற்றூரில் வாழும் நம்மவர் இதில் குறிப்பாக விழிப்புடன் இருத்தல் நலம். எந்த முறையில் அறுவை நடந்தது என்ற குறிப்பு, கேள்விச் சோதனைத் தாள், ஸ்கேன் படம் ஆகியவற்றை இடமாற்றத்தின்போது கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். மொழி தடையென்று மருத்துவரிடம் செல்லாதிருத்தல் தகாது. காது ஒழுகுவதை இந்தியில் ‘கான் பஹ்னா’ என்பர். எந்தக் காது, எத்தனை நாள், நாற்றம் உண்டா என்னும் மூன்றையும் சொல்லத் தெரிந்தால் போதும், எஞ்சியதை மருத்துவர் கண்டறிவார்.

குழந்தையின் காது ஒழுகினால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக் காத்திருக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. ஒழுகும் காதில் எண்ணெயும் வேண்டா, குச்சியும் வேண்டா. காலத்தே காட்டிய செவி, பெரும்பாலும் காக்கப்படும் செவியாகும்.