வானத்தில் ஒண்டுக்குடித்தனம்

மும்பைக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களுக்கு ஒண்டுக்குடித்தனம் என்பது புதிதன்று. தாராவியிலும் மாதுங்காவிலும் ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி வாழ்ந்த காலம் உண்டு. வாசற்கதவு ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, வாடகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பின்னர்ச் செம்பூருக்கும், கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கும் வந்து தனிக்குடித்தனம் அமைத்துக்கொண்டவர்களும் அந்நாளைய சிக்கனத்தையும் சங்கடத்தையும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய ஒண்டுக்குடித்தனம், பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்திலும் நடந்துவருகின்றது என்று சொன்னால் அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

அங்கே வீட்டுக்காரர், தொலைக்காட்சியையும் தொலைபேசிச் செய்தியையும் ஏந்திச் செல்லும் வணிகச் செயற்கைக்கோள். ஒண்டிக் குடியிருப்பவர், பூமியின் மேகத்தையும் காற்றையும் நோக்கும் விஞ்ஞானக் கருவி. இவ்விருவரும் சேர்ந்து வாழ நேர்ந்தது ஏன், அதனால் விளைந்த நன்மை யாது, தொல்லை யாது, நம் நகரத்துக்கு இதிலிருந்து ஆகவேண்டியது என்ன என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இருவரும் விரும்பும் ஓரிடம்

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே அவ்வுயரத்தில் செல்லும் கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கின்றது. ஆகவே கீழிருந்து நோக்குவோர்க்கு அது வானத்தில் அசையாது நிற்பதுபோல் இருக்கும். நம் மாடியில் பொருத்திய தொலைக்காட்சித் தட்டு ஆண்டு முழுதும் ஒரே திசையை நோக்கி நிற்பது இக்காரணம் பற்றியே.

செய்தி அனுப்புவோர்க்கு வசதியான அவ்விடமே மேகத்தை நோக்குவோர்க்கும் வசதியானது. தாழப் பறக்கும் கோள் ஓர் ஊரின்மேல் நாளுக்கு ஓரிரு முறை கடந்துபோய்விடும். அது இல்லாத வேளையில் புயல் எத்திசை திரும்பிற்று என்பதை அதனால் கூற இயலாது. உயரத்தில் நிற்கும் கோளோ பூமியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இரவும் பகலும் இமைகொட்டாது பார்த்துக்கொண்டிருக்கும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் அலை வாரிக்கொண்டது. அந்நாளில் இந்துமாக்கடலின்மேல் அவ்வாறு நிலைத்து நோக்கும் கண் ஒன்றும் இருந்ததில்லை.

சிக்கனத்தில் பிறந்த ஏற்பாடு

தொலைபேசிக்கு ஒரு கோள், தொலைக்காட்சிக்கு ஒரு கோள், வானிலைக்கு ஒரு கோள் என்று தனித்தனியே அனுப்பும் செல்வம் நம் நாட்டுக்கு அன்று இல்லை. ஆகவே விண்வெளித் துறை, தொலைத்தொடர்புத் துறை, வானிலைத் துறை, அகில இந்திய வானொலி, தூரதர்ஷன் ஆகியவை கூட்டுக்குடும்பம்போல் ஒன்றுசேர்ந்து இன்சாட் திட்டத்தை வகுத்தன. மூன்று பணிகளையும் ஒரே கோளில் சேர்த்தது அந்நாளில் புதுமையே ஆகும்.

ஆயினும் குடியேறியவருக்குத் தனித்தேவைகள் இருந்தன. இரவிலும் மேகத்தைக் காணவேண்டுமானால் வெப்பக் கதிர்களைக் கொண்டே காணவேண்டும். அதற்குரிய உணர்கருவியை மிகக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கவேண்டும். கோளின் வடபுறத்தை இருண்ட வானத்துக்குத் திறந்துவைத்தாலன்றி அக்குளிர்ச்சி கிட்டாது. ஆகவே மற்றக் கோள்களில் இருபுறமும் சிறகுபோல் விரியும் சூரியப் பலகையை இன்சாட்டில் தென்புறம் மட்டுமே வைத்தார்கள். அப்போது வேறொரு தொல்லை தோன்றியது. சூரிய ஒளிக்கும் மெல்லிய அழுத்தம் உண்டு; ஒருபுறம் மட்டும் பலகை இருந்தால் அவ்வழுத்தம் கோளை மெல்ல மெல்லத் திருப்பிவிடும். அதனைச் சரிக்கட்ட, வடபுறத்தில் நீண்ட கழியின் முனையில் ஒரு பாயைக் கட்டி நிறுத்தினார்கள். ஒண்டிக் குடியிருப்பவர் பொருட்டு வீட்டின் அமைப்பையே மாற்றிய கதை இது.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தார் செய்த இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரல் 10-ஆம் நாள் ஏவப்பட்டது. அதில் அந்தப் பாய் விரியவில்லை. செப்டம்பரில் கோள் நிலை தடுமாறி, எரிபொருளும் தீர்ந்து, கைவிடப்பட்டது. ஏழாண்டு உழைக்கவேண்டியது ஐந்து மாதத்திலேயே அடங்கிற்று. தொலைபேசியும் தொலைக்காட்சியும் மேகக் கருவியும் ஒருங்கே வீழ்ந்தன. வீடு இடிந்தால் குடியிருப்போர் அனைவரும் தெருவில் நிற்கவேண்டியதுதானே!

அடுத்த ஆண்டு, 1983 ஆகஸ்டு 30-ஆம் நாள் சாலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி அக்குறையைத் தீர்த்தது. இதன் பயன் கடற்கரையில் நன்கு விளங்கிற்று. 1977 நவம்பரில் ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழப் பதினாயிரம்பேர் மாண்டனர். 1990 மே மாதம் அதே கரையைத் தாக்கிய கடும்புயலில் மாண்டவர் ஆயிரத்துக்கும் குறைவு. முன்னறிவிப்புக்கும், மக்களை உரிய காலத்தில் அப்புறப்படுத்தியதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு. மேகத்தைப் படம்பிடித்த கண்ணும், கரையோர ஊர்களில் வைத்த எச்சரிக்கைக் கருவிகளுக்குச் செய்தியை எட்டச்செய்த குரலும் இன்சாட் என்னும் ஒரே வீட்டில் இருந்தன. ஒண்டுக்குடித்தனத்தின் சிறப்பு இதனினும் தெளிவாக வேறெங்கும் விளங்காது.

வாடகைக்கு விட்ட அறைகள்

1992-இல் சென்ற இன்சாட்-2ஏ முதல், கோளும் நம் நாட்டிலேயே உருவாயிற்று. அதன் மேகக் கருவியை ஆமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் செய்தனர். 1999 ஏப்ரல் 3-ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட்-2இ இன்னும் ஒருபடி மேற்சென்றது. அதன் செய்தி ஏந்தும் அலைவரிசைகளில் ஒரு பெரும்பகுதி, பதினொன்றுக்கு ஈடான அளவு, இன்டெல்சாட் என்னும் உலக அமைப்புக்கு வாடகைக்கு விடப்பட்டது. அதே கோளில் மேகத்தை நோக்கும் கருவியும், ஒரு கிலோமீட்டர் அளவு நுணுக்கத்துடன் பூமியைப் படம்பிடிக்கும் மற்றொரு கருவியும் இருந்தன. ஒருபுறம் வாடகை வருமானம்; மறுபுறம் விஞ்ஞான சேவை.

பின்னர் வசதி பெருகவே வானிலைக் கருவி தனிக்குடித்தனம் சென்றது. 2002 செப்டம்பர் 12-ஆம் நாள் வானிலைக்கென்றே ஒரு கோள் ஏவப்பட்டது. விண்ணில் உயிர்நீத்த கல்பனா சாவ்லாவின் நினைவாக அடுத்த ஆண்டு அதற்குக் கல்பனா-1 எனப் பெயரிட்டார்கள். அதன்பின் 2013-இல் இன்சாட்-3டி, 2016-இல் 3டிஆர், 2024 பிப்ரவரி 17-இல் 3டிஎஸ் ஆகியவை சென்றன. 2020 ஜூன் 3-ஆம் நாள் நிசர்கா புயல் அலிபாகுக்கு அருகே கரையேறியபோது, அதன் ஒவ்வொரு அசைவையும் இத்தகைய கண்களே காட்டின.

நாம் விட்ட வழியில் பிறர்

நாம் தனிக்குடித்தனம் சென்ற பிறகு, செல்வம் மிக்க அமெரிக்காவே ஒண்டுக்குடித்தனத்தைத் தேடி வந்தது. அந்நாட்டு விண்வெளி நிறுவனமாகிய நாசா, மேல்வளி மண்டலத்தை ஆராயும் 'கோல்டு' என்னும் கருவியை எஸ்.இ.எஸ்.-14 என்னும் வணிகக் கோளில் வைத்து 2018 ஜனவரி 25-ஆம் நாள் அனுப்பியது. ராக்கெட் வழி பிசகிக் கோளைத் தவறான பாதையில் விட்டுவிட்டது. வீட்டுக்காரர் மெல்ல மெல்லத் தம் இடத்தைச் சென்றடையும்வரை குடியிருப்பவரும் காத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் ஆராய்ச்சி தொடங்கியது.

மற்றொரு கருவியின் பெயர் 'டெம்போ'. நம் வாஷிச் சந்தையில் வெங்காய மூட்டை ஏற்றிச் செல்லும் டெம்போ அன்று இது! வட அமெரிக்காவின் காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு, ஓசோன் முதலிய மாசுகளைப் பகற்பொழுதில் மணிக்கொருமுறை அளக்கும் நுண்கருவி. இதனை 2018-ஆம் ஆண்டின் இறுதிக்குள் செய்து முடித்துவிட்டார்கள். ஆனால் குடியேற வீடு கிடைக்கவில்லை. ஏற்ற கோளும் ஏற்ற இடமும் அமைந்து, இன்டெல்சாட்-40இ என்னும் வணிகக் கோளில் அது புறப்பட்டது 2023 ஏப்ரல் 7-ஆம் நாள். நான்காண்டுக்கு மேலாக மூட்டைமுடிச்சோடு காத்திருந்தது என்றால், மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அதன் நிலை நன்றாகப் புரியும்.

ஆகவே இவ்வாழ்க்கைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. புறப்படும் நாளையும் நிற்கும் இடத்தையும் வீட்டுக்காரரே முடிவுசெய்வார். எடை, மின்சாரம், வெப்பம் ஆகியவற்றில் குடியிருப்பவர் அளவோடு நடந்துகொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு கட்டி முடிந்தபின் அறை கேட்பதில் பயனில்லை. கடைக்கால் இடும்போதே கேட்டுவைக்கவேண்டும்.

நம் காற்றை நோக்கும் கண்

இனி நம் ஊருக்கு வருவோம். மாஹுல், டிராம்பே பகுதிகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் உள்ளன. செம்பூர்வாசிகள் காற்றின் மணத்தைக் கொண்டே திசையை அறிவார்கள். வாஷிக்கு அருகே தாணே-பேலாப்பூர்ச் சாலையை ஒட்டியும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. கழிமுகத்தின் இருகரையிலும் வாழும் நம் குழந்தைகளும் முதியோரும் சுவாசிப்பது இக்காற்றைத்தான். தரையில் காற்றை அளக்கும் நிலையங்கள் இருந்தபோதிலும், அவை அங்கங்கே நின்று அளப்பவையே. 2017-இல் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-5பி போன்ற தாழ்வான கோள், நண்பகல் கழிந்த வேளையில் நாளுக்கு ஒருமுறை நம்மைக் கடந்து செல்கின்றது. காலை எட்டு மணி நெரிசலில் எழும் புகையும் மாலையில் சூழும் மாசும் அதன் கண்ணில் படா.

எந்தக் கண்ணும் முற்றறிவுடையதன்று என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அதே நகரத்தின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டரே. வானத்தில் அன்றும் நம் கோள்கள் இருந்தன. எனினும் அவ்வளவு சிறிய பரப்பில் அவ்வளவு பெரிய மழை வரும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாசை அளக்கும் கருவிக்கும் மேகம் திரையாக நிற்கும். மழைக்காலத்தில் அதன் பயன் குறைவே. ஆனால் நம் நகரத்தில் மாசு மிகுவது மேகமற்ற பனிக்காலத்திலன்றோ?

2019-இல் தொடங்கிய நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனம், வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப வணிகச் செய்திக்கோள்களை அனுப்பிவருகின்றது. 2024 நவம்பரில் அதன் ஜிசாட்-என்2 ஏவப்பட்டது. இனி எழும் இத்தகைய கோள் ஒன்றில், நம் நாட்டின் காற்றை மணிக்கொருமுறை நோக்கும் கருவிக்கு ஓர் அறை ஒதுக்குதல் இயலாத காரியமன்று. தனிக்கோள் அனுப்பும் செலவில் ஒரு பகுதியே அதற்கு ஆகும். இன்சாட்-2இ காட்டிய வழி நம்முடையதுதான். பிறரிடம் கடன் வாங்கவேண்டியதில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் பொறியியலும் விஞ்ஞானமும் கற்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் இக்கருவியைச் செய்யும் பணியில் ஈடுபடுவாராயின், அது செம்பூருக்கும் வாஷிக்கும் செய்யும் பேருபகாரமாகும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காற்றின் தூய்மையைப்பற்றி நகராட்சியிலும் ஆட்சியாளரிடத்தும் பேச வாய்ப்பு நேரும்போதெல்லாம், தரையில் நிலையங்கள் கேட்பதோடு நில்லாது, வானத்தில் ஓர் அறையையும் கேட்டுவைப்போமாக. அடுத்த வீட்டுக்குக் கடைக்கால் இடும் காலம் இது.